ஷியா மாய்ஸ்சர் விளம்பரச் சர்ச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 ஏப்ரலில் அமெரிக்காவில் முகநூலில் வெளியாகி, கறுப்பினப் பெண்களின் கோபத்துக்கு ஆளாகி, சில நாட்களுக்குள் திரும்பப் பெறப்பட்ட ஒரு தலைமுடி விளம்பரத்தைப் பற்றிய பக்கம் இது. விளம்பரத் துறை படிக்கும் மாணவர்களிடமும் நண்பர்களிடமும் இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே வைத்திருக்கிறேன்.

ஷியா மாய்ஸ்சர் என்றால் என்ன? பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லையே.

ஷாம்பு, கண்டிஷனர், முடிக்களிம்பு, சோப்பு ஆகியவற்றை விற்கும் அமெரிக்க பிராண்ட். மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெயை வைத்துத் தொடங்கியது. நிறுவனர் ரிஷெலூ டென்னிஸ் லைபீரியாவைச் சேர்ந்தவர். 1991இல் அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பாப்சன் கல்லூரியில் பட்டம் பெற்றபோது ஊரில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. திரும்பிப் போக வழியில்லை. தாய் மேரி டென்னிஸையும் ஒரு கல்லூரி நண்பரையும் சேர்த்துக்கொண்டு, வீட்டில் சோப்பு செய்து நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களில் விற்றார். அந்த நிறுவனத்தின் பெயர் சன்டயல்.

அவருடைய பாட்டி சோஃபி டக்கர் 1912இல் சியரா லியோனின் போன்தே ஊர்ச் சந்தையில் ஷியா கொட்டை விற்ற கதையை நிறுவனம் தன் பொருட்களின் மீதே அச்சிட்டு வந்தது. வாங்கியவர்கள் களிம்போடு இந்தக் கதையையும் சேர்த்தே வாங்கினார்கள். பின்னால் எழுந்த கோபத்தைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

அந்த விளம்பரத்தில் அப்படி என்னதான் இருந்தது?

சிறிய காணொளி. பெண்கள் ஒவ்வொருவராகக் கேமரா முன் வந்து, தங்கள் தலைமுடியால் பட்ட மனவருத்தத்தைச் சொல்கிறார்கள். முதலில் வருபவர் வெளிர்நிறக் கறுப்பினப் பெண். தளர்ந்து நீண்ட சுருள்முடி உடையவர். முடிக்காகக் கேலிசெய்யப்பட்டதைச் சொல்கிறார். அடுத்து வருபவர்கள் பொன்னிற முடியும் செம்முடியும் கொண்ட வெள்ளையினப் பெண்கள். ஒருவர் தன் முடியை என்ன செய்வதென்றே தெரியாமல் கண்ணாடி முன் நின்றதையும், மற்றொருவர் செம்முடி பிடிக்காமல் சாயம் பூசிக்கொண்டதையும் சொல்கிறார்கள். தலைமுடி வெறுப்பிலிருந்து விடுபடுங்கள், எல்லோருக்கும் அன்பு உண்டு என்பதுதான் செய்தி.

வசைச்சொல் எதுவும் அதில் இல்லை. யாரையும் இழிவாகக் காட்டவும் இல்லை. அதனால்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புரியாமல் போகிறது.

கறுப்பினப் பெண் ஒருவர் இருந்தாரே, அது போதாதா?

அமெரிக்காவில் தலைமுடியை நான்கு வகையாகப் பிரித்துப் பேசும் பழக்கம் உண்டு. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரியின் சிகையலங்காரர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் பரப்பிய முறை அது. ஒன்று கோரைமுடி, இரண்டு அலைமுடி, மூன்று சுருள்முடி, நான்கு நெருக்கமாகச் சுருண்ட முடி. நான்காம் வகையிலும் மிக இறுக்கமானதை, பயன்படுத்தும் பெண்களே பின்னால் 4சி என்று பிரித்தார்கள்.

ஷியா மாய்ஸ்சரைத் தாங்கிப் பிடித்தவர்களில் பெரும்பகுதியினர் இந்த நான்காம் வகைக்காரர்கள். விளம்பரத்தில் இருந்ததோ மூன்றாம் வகை முடியும் வெளிர்நிறமும் கொண்ட ஒரே ஒருவர். அழகு விளம்பரங்களில் கறுப்பினத்தவருக்கு இடம் கிடைக்கும்போதெல்லாம் அந்த இடம் இப்படிப்பட்ட ஒருவருக்கே போவது பழைய வழக்கம். கறுத்த நிறமும் இறுகிய முடியும் கொண்ட பெண் எப்போதும் வரிசையின் கடைசி. தனக்காகவே தொடங்கப்பட்டது என்று அவள் நம்பிய பிராண்டின் விளம்பரத்திலும் அவளுக்கு இடமில்லை.

முடி என்றால் எல்லோருக்கும் முடிதானே? கறுப்பினத்தவர் முடிக்கு மட்டும் தனி ஷாம்பு எதற்கு?

இறுகச் சுருண்ட முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். அது முளைக்கும் குழியும் வளைந்தது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் கோரைமுடியில் நுனிவரை எளிதாக இறங்கும். சுருள்முடியிலோ வளைவுகளில் தங்கிவிடும். அதனால் முடி காய்ந்துபோகும். வளையும் இடங்களிலெல்லாம் எளிதில் ஒடியும். நுரை பொங்கும் சாதாரண ஷாம்பு இருக்கிற எண்ணெயையும் எடுத்துவிடும்.

தலைகுளிப்பதற்கே இவர்களில் பலர் ஒரு நாளை ஒதுக்குகிறார்கள். முடியை நான்கைந்து பகுதியாகப் பிரித்துக் கட்டி, கண்டிஷனர் நிறையத் தடவி, ஈரத்தோடு விரலாலும் அகலப் பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். வேரிலிருந்து சீப்பை இழுத்தால் கொத்தாகக் கையோடு வந்துவிடும். அலசியபின் ஈரம் உலர்வதற்குள் களிம்பு பூசி, இரண்டிரண்டு இழையாக முறுக்கிவிட வேண்டும். இரவில் பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் வழுவழுப்பான சாட்டின் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். தேங்காயும் செம்பருத்தியும் சேர்த்து ஷியா மாய்ஸ்சர் விற்ற சுருள்முடிக் களிம்பு இந்த வேலைக்கென்றே வாங்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இந்த முடியை நேராக்குவதற்குத்தான் பொருள் விற்றன.

வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் தன் முடி பிடிக்காமல் போகலாமே. அவள் வருத்தம் வருத்தமில்லையா?

வருத்தம்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் செம்முடிக்காரி என்பதற்காக அவளுக்கு எந்தச் சட்டமும் தலையை மூடச் சொன்னதில்லை. 1786இல் ஸ்பெயின் ஆட்சியில் இருந்த லூசியானாவில், அடிமையல்லாத கறுப்பினப் பெண்கள்கூடத் தலையைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆளுநர் ஆணையிட்டார். இருபதாம் நூற்றாண்டில் வேலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டுமென்றால் முடியை நேராக்கியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. அதற்கான ரிலாக்ஸர் களிம்புகளில் இருந்தது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. கொஞ்ச நேரம் கூடினால் தலைத்தோல் வெந்துவிடும். சிறுமிகளுக்கும் அதைத்தான் பூசினார்கள்.

பழங்கதை என்று இதை ஒதுக்க முடியாது. அலபாமாவில் சடைத்திரி முடியை வெட்ட மறுத்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கொடுத்த வேலையை 2010இல் ஒரு நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அது இனப் பாகுபாடு ஆகாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2016 செப்டம்பரில். விளம்பரம் வந்ததற்கு ஏழு மாதம் முன்பு! தலைமுடியைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் கிரவுன் சட்டம் கலிஃபோர்னியாவில் முதன்முதலில் கையெழுத்தானது 2019 ஜூலையில்தான்.

சாயம் பூசிய சோகத்தையும் வேலை பறிபோன சோகத்தையும் ஒரே நூலில் கோத்து, இரண்டுக்கும் தலைமுடி வெறுப்பு என்று ஒரே பெயர் சூட்டியது அந்த விளம்பரம். என் பார்வையில் அதன் பெரும்பிழை அங்கேதான் இருக்கிறது. கறுப்பினப் பெண்களின் முடிமீது ஒரு சமூகமே காட்டிய வெறுப்பை, யாருக்கும் வரக்கூடிய தாழ்வு மனப்பான்மையாக அது சுருக்கிவிட்டது.

அப்படியானால் வெள்ளையினத்தவர் அந்த ஷாம்புவை வாங்கவே கூடாது என்கிறார்களா?

இல்லை. மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். கோபப்பட்டவர்களில் பலரே, யார் வேண்டுமானாலும் வாங்கட்டும் என்று எழுதினார்கள். கடையை விரிவாக்குவது வேறு. விரிவாக்கும்போது பழைய வாடிக்கையாளரைப் படத்திலிருந்து எடுத்துவிடுவது வேறு.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 2016இல், இதே நிறுவனம் அமெரிக்கக் கடைகளின் இன ஒதுக்கலைச் சாடி ஒரு விளம்பரம் வெளியிட்டிருந்தது. பல கடைகளில் அழகுப் பொருட்களுக்கு ஒரு வரிசையும், கறுப்பினத்தவருக்கு என்று ஓரத்தில் தனியாக ஓர் அலமாரியும் இருக்கும். அழகு என்று எழுதியிருக்கும் வரிசையில் எங்கள் பொருள் ஏன் இல்லை என்று அந்த விளம்பரம் கேட்டது. கறுப்பினப் பெண்கள் அதை மனமாரப் பாராட்டினார்கள். சில கடைகளில் அந்த அலமாரிக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும்கூட இருந்தன. எட்டு டாலர் ஷாம்புவுக்கும் ஊழியரை அழைத்துத் திறக்கச் சொல்ல வேண்டியிருந்தது. வால்மார்ட் அந்தப் பூட்டுகளை எடுப்பதாக அறிவித்தது 2020 ஜூனில். 2016இல் அந்த ஒதுக்கலை உடைக்கக் கூடவே நின்றவர்கள், மறுவருடமே அதே நிறுவனத்தின் விளம்பரத்தில் தங்களைக் காணவில்லை என்று உணர்ந்தார்கள்.

நிறுவனம் என்ன பதில் சொன்னது?

விரைவாகவே பணிந்தது. பெரிய தவறு செய்துவிட்டோம் என்று, கெட்ட வார்த்தையின் முதலெழுத்தோடு பேச்சு நடையில், முகநூலில் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்துவிட்டது. பல காணொளிகள் கொண்ட தொகுப்பில் இது ஒன்று மட்டுமே என்றும், இனி ஒவ்வொன்றிலும் தங்கள் சமூகத்துக்கு உரிய இடம் இருக்கும் என்றும் சொன்னது.

விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். இணையத்தில் ஒரு காணொளி தொகுப்பாகப் போய்ச் சேர்வதில்லை. தனித்தனியாகத்தான் கைக்குக் கை மாறுகிறது. இதை அறியாத விளம்பரக் குழு 2017இல் இருந்திருக்க முடியாது.

நிறுவனரே கறுப்பினத்தவர். அவர்மீதே கோபப்படுவது நியாயமா?

அவர் கறுப்பினத்தவர் என்பதால்தான் கோபம் கூடியது. 2015இல் பெய்ன் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் சன்டயலில் சிறுபான்மைப் பங்கு வாங்கியிருந்தது. அதன்பிறகு களிம்பின் தரம் மாறிவிட்டது, வாசனையே வேறாக இருக்கிறது என்ற முணுமுணுப்பு வாடிக்கையாளரிடையே எழுந்தது. நிறுவனம் அதை மறுத்தது. மாற்றம் நடந்ததோ இல்லையோ, சந்தேகம் ஏற்கெனவே மனத்தில் இருந்தது. விளம்பரம் அதற்குச் சான்றுபோல வந்து விழுந்தது.

இந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1867இல் லூசியானாவில் பிறந்த மேடம் சி. ஜே. வாக்கரும், அவருக்கு முன்பே தொழிலில் இறங்கிய ஆனி டர்ன்போ மலோனும் ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களை முகவர்களாக்கி இந்தத் துறையை வளர்த்தார்கள். 1954இல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் தொடங்கிய ஜான்சன் ப்ராடக்ட்ஸ், 1971இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் கறுப்பின நிறுவனமானது. பெரிய நிறுவனங்கள் பிறகுதான் உள்ளே வந்தன. 1986இல் ரெவ்லான் நிறுவன அதிகாரி ஒருவர், கறுப்பினத்தவரின் நிறுவனங்களெல்லாம் மறைந்து வெள்ளையர் நிறுவனங்களிடம் விற்கப்பட்டுவிடும் என்று பத்திரிகைக்குச் சொல்ல, கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் ரெவ்லானைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தார். அதிகாரி சொன்னது பெருமளவு நடந்தது. சாஃப்ட் ஷீன் 1998இல் லோரியலுக்குப் போனது. புரூக்ளினில் லிசா பிரைஸ் தொடங்கிய கேரல்ஸ் டாட்டர் 2014இல் அதே லோரியலுக்குப் போனது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த வாடிக்கையாளருக்கு, பொன்னிற முடி திரையில் தோன்றியதும் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கத் தெரியும்.

அதே வருடம் டவ் விளம்பரமும் சர்ச்சையானதே. இரண்டும் ஒன்றா?

இல்லை. 2017 அக்டோபரில் டவ் முகநூலில் இட்ட சில நொடிக் காணொளியில், கறுப்பினப் பெண் சட்டையைக் கழற்ற வெள்ளையினப் பெண் தோன்றினார். அவர் கழற்ற மூன்றாவதாக வேறொரு பெண் வந்தார். முதல் இரண்டு படங்கள் மட்டும் இணையத்தில் பரவின. கறுப்பை அழுக்காகவும் வெள்ளையைச் சுத்தமாகவும் காட்டிய பழைய சோப்பு விளம்பரங்களை அவை நினைவூட்டின. டவ் மன்னிப்புக் கேட்டது. அதில் பிரச்சினை என்ன காட்டினார்கள் என்பது. ஷியா மாய்ஸ்சரில் பிரச்சினை யாரைக் காட்டாமல் விட்டார்கள் என்பது. மேலும், டவ் எல்லோருக்குமான சோப்பு. அதனிடம் யாருக்கும் உறவுரிமை இல்லை.

தென்னாப்பிரிக்காவில் கடைகளையே மூட வைத்தது எந்த விளம்பரம்?

2020 செப்டம்பரில் கிளிக்ஸ் என்ற மருந்து, அழகுப் பொருள் கடைத்தொடரின் இணையதளத்தில் வந்த ட்ரெசமே விளம்பரம். கறுப்பினப் பெண்ணின் முடிப் படத்துக்குக் கீழே வறண்டு சேதமடைந்தது, மங்கலானது என்ற வகையிலும், வெள்ளையினப் பெண்ணின் முடிக்குக் கீழே இயல்பானது என்றும் குறிப்பு இருந்தது. பொருளாதார விடுதலைப் போராளிகள் கட்சியினர் கடைகள் முன் திரண்டார்கள். கிளிக்ஸ் ஒரு நாள் தன் கடைகளை மூடியது. ட்ரெசமேயைத் தயாரிக்கும் யூனிலீவர் மன்னிப்புக் கேட்டு, அதைப் பத்து நாட்களுக்கு அந்நாட்டுக் கடைகளிலிருந்து எடுக்க ஒப்புக்கொண்டது.

2016இல்தான் பிரிட்டோரியாவின் ஒரு பெண்கள் பள்ளியில் மாணவிகள் தங்கள் இயல்பான முடிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை எதிர்த்துப் போராடியிருந்தார்கள். அந்த நாட்டில் இயல்பான முடி எது என்று ஒரு நிறுவனம் பெயரிட்டுக் காட்டியது.

விளம்பரமே இல்லாமல் ஒரு எண்ணெய்க்காகச் சண்டை வந்ததாமே?

மியெல் நிறுவனத்தின் ரோஸ்மேரி புதினா எண்ணெய். மோனிக் ராட்ரிகஸ் என்ற கறுப்பினப் பெண் 2014இல் தொடங்கிய நிறுவனம் அது. 2022 டிசம்பர் இறுதியில் டிக்டாக்கில் புகழ்பெற்ற ஒரு வெள்ளையின இளம்பெண் அந்த எண்ணெயைப் புகழ்ந்தார். பல கடைகளில் தீர்ந்துபோனது. விலை ஏறும், நேரான முடிக்கு ஏற்ப எண்ணெயை மாற்றிவிடுவார்கள் என்று கறுப்பினப் பெண்கள் அஞ்சினார்கள். மாற்றமாட்டோம் என்று நிறுவனம் அறிக்கை விட்டது. 2023 ஜனவரியில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் மியெலை வாங்குவதாகச் செய்தி வந்தது. நிறுவனர் பற்றிய கேள்விக்கு மேலே சொன்ன வரலாறு மனத்தில் இருந்தால் அந்த அச்சம் மிகையாகத் தெரியாது.

கோபப்பட்டு என்ன கிடைத்தது? கடைசியில் அவர்களும் விற்றுவிட்டார்களே.

விற்றார்கள். விளம்பரம் வந்த அதே 2017இல், நவம்பரில், சன்டயலை வாங்குவதாக யூனிலீவர் அறிவித்தது. டவ்வும் ட்ரெசமேயும் வைத்திருக்கும் அதே யூனிலீவர். கறுப்பின, பிற நிறத்துப் பெண் தொழில்முனைவோருக்காக 5 கோடி டாலரில் ஒரு நிதியும் அப்போது அறிவிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் டென்னிஸ், கறுப்பினப் பெண்களின் புகழ்பெற்ற இதழான எசென்ஸை டைம் நிறுவனத்திடமிருந்து வாங்கினார். விற்ற பணத்தின் ஒரு பகுதியாவது சமூகத்துக்குள் திரும்பியது என்று அவரை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். அது நியாயமான வாதம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் கோபம் வீணாகவில்லை. கறுப்பினப் பெண்கள் ரிலாக்ஸரைக் கைவிட்டு இயல்பான முடிக்குத் திரும்பிய இயக்கத்தை வளர்த்தவர்கள், யூடியூபில் தங்கள் தலையையே காட்டிப் பாடம் எடுத்த சாதாரணப் பெண்கள். சிறு நிறுவனங்களை ஊரறியச் செய்தவர்களும் அவர்களே. விளம்பரச் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்தவர்களுக்கு, விளம்பரத்தைப் பற்றிக் கேட்க உரிமை உண்டு.

இதில் இந்தியர்களுக்கு என்ன சம்பந்தம்?

நினைப்பதைவிட அதிகம். திருப்பதியிலும் பழனியிலும் பக்தர்கள் காணிக்கையாக இறக்கும் முடி ஏலம் விடப்படுகிறது. நீளமான முடி ஏற்றுமதியாகி, விக்காகவும் ஒட்டுமுடியாகவும் மாறிக் கறுப்பினப் பெண்கள் தலைக்கும் போய்ச் சேர்கிறது. கொடுத்தவருக்கு அது வேண்டுதல். வாங்குபவருக்கு அலுவலகத்தில் கேள்வி கேட்கப்படாமல் இருக்கும் வழி. இடையில் இருப்பவர்களுக்கு வியாபாரம்.

டாபர் நிறுவனம் 2010இல் சிகாகோவின் நமஸ்தே லேபரட்டரீஸை 10 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. கறுப்பினப் பெண்களுக்கான ரிலாக்ஸர் உட்பட பல பொருட்கள் விற்கும் நிறுவனம் அது. கோத்ரேஜ் 2016இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்ட்ரெங்த் ஆஃப் நேச்சரை வாங்கியது. 2022 அக்டோபரில் வெளியான அமெரிக்க அரசு ஆய்வு, முடி நேராக்கும் பொருட்களை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்பட்டதாகச் சொன்னது: 70 வயதுக்குள் அது வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். அதையடுத்து ஆயிரக்கணக்கில் தொடரப்பட்ட வழக்குகளில் டாபரின் துணை நிறுவனங்களும் பிரதிவாதிகளாகச் சேர்க்கப்பட்டன. எங்கோ நடக்கும் சண்டை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

விளம்பரத்தில் எத்தனை கறுப்பினப் பெண்கள் இருந்தால் போதும் என்கிறீர்கள்?

எண்ணிக்கையில் இதற்கு விடை இல்லை. நான்கு பேரில் மூவர் கறுப்பினத்தவராக இருந்து, மூவருக்கும் தளர்ந்த சுருள்முடியே இருந்தால், முன்பு சொன்ன நான்காம் வகைப் பெண் அப்போதும் வெளியேதான் நிற்பாள். 4சி முடிக்காரி ஒருவரே வந்து, சிக்கெடுக்கும் அந்த நீண்ட நாளைப் பற்றித் தன் வாயால் பேசியிருந்தால், பக்கத்தில் செம்முடிப் பெண் இருப்பதை யாரும் குறையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெளியிடுமுன் யாரிடம் காட்டினார்கள் என்பதே நான் மாணவர்களைக் கேட்கச் சொல்லும் கேள்வி. வாரம் தவறாமல் அந்தக் களிம்பைக் கையில் எடுக்கும் பெண் ஒருத்தி, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தோடு அந்த அறையில் இருந்திருந்தால், முதல் முறை ஓட்டிப் பார்த்தபோதே நிறுத்தியிருப்பாள்.